வேலி என்றால் கூட்டல், தரை என்றால் பெருக்கல்: கடலூர் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு நில அளவரின் திறந்த மடல்

கடலூர் வட்டாரத் தொடக்கப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கும், அந்தப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்களில் இருக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

நான் முதுநகரில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற நில அளவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த மாவட்டத்தின் நெல்வயல், முந்திரித் தோப்பு, கடற்கரை மணல்மேடு, ஊர் நத்தம் என்று எல்லாவற்றிலும் சங்கிலியும் டேப்பும் இழுத்தவன். இப்போது எனக்கு இருக்கும் ஒரே அலுவல், ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் பேத்தியின் வீட்டுப்பாடத்தைப் பார்ப்பது. அப்படிப் பார்த்ததில்தான் இந்த மடலை எழுத நேர்ந்தது. குறை சொல்வதற்காக எழுதவில்லை. நாற்பது நோட்டுகளைத் திருத்திவிட்டு, இணையத்தில் வருகைப்பதிவையும் ஏற்றிவிட்டு, சத்துணவையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வகுப்புக்குள் நுழையும் ஆசிரியரின் நிலைமை எனக்குத் தெரியும். என் மனைவி தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்தவர்.

இந்தப் பருவத்தில் பேத்திக்குச் சுற்றளவும் பரப்பளவும் நடக்கின்றன. ஒரு தோட்டத்தின் நீளம் 40 மீட்டர், அகலம் 25 மீட்டர், அதைச் சுற்றி வேலி போட எவ்வளவு கம்பி வேண்டும் என்று ஒரு கணக்கு. அவள் 130 மீட்டர் என்று எழுதியிருந்தாள், விடை சரி. (உண்மையில் முள்கம்பி வேலி என்றால் நான்கு வரியாவது ஓடும், ஆகவே 520 மீட்டர் வேண்டும், அதை விட்டுவிடுவோம்.) எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். "வேலின்னு வந்தா கூட்டணும், தரைன்னு வந்தா பெருக்கணும் தாத்தா" என்றாள். சரி, வேலிக்குள் எத்தனை சதுர மீட்டர் இருக்கிறது என்று கேட்டதற்கு, நொடியில் பெருக்கி ஆயிரம் என்றாள். அதுவும் சரிதான். "ஒரு சதுர மீட்டர்னா எவ்வளவு பெருசு, காட்டு பாக்கலாம்" என்றேன். அவள் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் அகல விரித்துக் காட்டினாள்.

அவள் காட்டியது ஒரு மீட்டர். ஒரு நீளம். நான் கேட்டது ஓர் இடம். இரண்டு விடைகளையும் சரியாக எழுதி முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளையின் மனத்தில் சதுர மீட்டர் என்பதற்கு உருவமே இல்லை என்பது அந்த இரண்டு கைகளில் தெரிந்தது. மறுநாள் தெருவில் விளையாடிக்கொண்டிருந்த அதே வயதுப் பிள்ளைகள் நான்கைந்து பேரைக் கூப்பிட்டு அதையே கேட்டேன். வேறு வேறு பள்ளியில் படிக்கும் பிள்ளைகள். ஒருவன் தவிர எல்லோரும் கையைத்தான் விரித்தார்கள். அந்த ஒருவனுடைய தந்தை டைல்ஸ் ஒட்டும் வேலை செய்கிறவர். அவன் குனிந்து விரலால் தரையில் ஒரு கட்டம் போட்டான்.

ஆகவே இந்த மடலின் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். நீளத்தை அகலத்தால் பெருக்கு என்ற வாய்பாட்டைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன்னால், ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சதுர மீட்டரைத் தன் கையால் செய்து, அதன் மேல் உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும். பிறகு பள்ளியின் மைதானத்தைத் தானே அளந்து பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு பாடவேளைகளை, முடிந்தால் மூன்றை, ஒதுக்கித் தாருங்கள். இந்தப் பருவத்திலேயே தாருங்கள், ஏனென்றால் ஐப்பசி பிறந்துவிட்டால் நம் ஊர்ப் பள்ளி மைதானங்களில் அளப்பதற்குத் தரை இருக்காது, தண்ணீர்தான் இருக்கும்.

இந்தச் சின்ன விஷயத்துக்கு ஒரு திறந்த மடலா என்று தோன்றலாம். கையை விரித்துக் காட்டும் பிள்ளை வளர்ந்து என்ன ஆகிறது என்பதை வட்ட அலுவலகத்தின் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவன் நான். ஒருமுறை பட்டப்படிப்பு முடித்த ஒருவர் கையில் பட்டாவுடன் கொதித்துப்போய் வந்தார். 1,200 சதுர அடி மனை என்று சொல்லி விற்றுவிட்டார்கள், பட்டாவில் 111 சதுர மீட்டர் என்றுதான் இருக்கிறது, மீட்டருக்கு 3.28 அடி என்று பெருக்கினால் 364 அடிதான் வருகிறது, மீதி நிலம் எங்கே என்பது அவருடைய கேள்வி. ஒரு மீட்டருக்கு 3.28 அடி என்பது நீளத்தின் கணக்கு. ஒரு சதுர மீட்டருக்குள் நீளவாக்கில் 3.28, அகலவாக்கில் 3.28 என்று ஏறத்தாழ 10.76 சதுர அடி அடங்கும். அந்தக் கணக்கில் 111 சதுர மீட்டர் என்பது 1,195 சதுர அடி. அவருடைய மனை ஏறக்குறைய முழுதாக அங்கேயேதான் இருந்தது. அவருக்கு அதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. கடைசியில் அலுவலகத் தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு மீட்டர்ச் சதுரம் போட்டு, அதற்குள் அடிக்கட்டங்களைக் கோடிட்டுக் காட்டினேன். பிறகுதான் சிரித்தார். பத்து வயதில் போட்டிருக்க வேண்டிய கோடு அது.

எல்லோரும் சிரித்துக்கொண்டே போய்விடுவதில்லை. கெடிலம் ஆற்றை ஒட்டிய ஒரு கிராமத்தில் அண்ணன் தம்பி இருவர் பாகம் பிரித்துக்கொண்டார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் இரண்டு துண்டு நிலத்தையும் வரப்பைச் சுற்றி நடந்து காலடி எண்ணி, இரண்டும் ஒரே அளவு என்று சொல்லிவிட்டார். அவர் எண்ணியதில் தப்பில்லை. அண்ணனுடையது நாலாபுறமும் 60 மீட்டர். தம்பியுடையது 90 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். சுற்றி வந்தால் இரண்டும் 240 மீட்டர்தான். ஆனால் அண்ணன் நிலம் 3,600 சதுர மீட்டர், தம்பி நிலம் 2,700 சதுர மீட்டர். சென்ட் கணக்கில் முதலாவது ஏறத்தாழ 89, இரண்டாவது 67. இருபத்திரண்டு சென்ட் நிலம் யாரும் திருடாமலேயே காணாமல் போனது. ஆறு ஆண்டு கழித்து உட்பிரிவு செய்ய நான் போய் அளந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அதற்குள் தம்பி அந்த நிலத்தில் போர் போட்டு, மோட்டார் இறக்கி, கொல்லையில் பலாக்கன்றும் வைத்துவிட்டிருந்தார். அவர்கள் இருவரும் இப்போது பேசிக்கொள்கிறார்களா என்று எனக்குத் தெரியாது, அன்று பேசிக்கொள்ளவில்லை.

சுற்றளவு சமமாக இருந்தால் பரப்பளவும் சமமாக இருக்கும் என்ற நம்பிக்கை மனித மனத்துக்கு இயல்பானது போலிருக்கிறது. அதை உடைப்பதற்குச் சூத்திரம் போதாது, கயிறு வேண்டும். இருபது மீட்டர்க் கயிற்றின் இரண்டு முனைகளையும் முடிந்து வளையமாக்கி, நான்கு பிள்ளைகளை நான்கு மூலையில் பிடித்து நிற்கச் சொல்லுங்கள். முதலில் பக்கத்துக்கு ஐந்து மீட்டர். உள்ளே 25 சதுர மீட்டர். பிறகு ஆறும் நான்கும், உள்ளே 24. ஏழும் மூன்றும், 21. எட்டும் இரண்டும், 16. ஒன்பதும் ஒன்றும் ஆகும்போது கயிற்றுக்குள் நிற்கும் பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு கத்துவார்கள், உள்ளே இருப்பது 9 சதுர மீட்டர்தான். கயிறு ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை. இதை ஒருமுறை பார்த்த பிள்ளை, பிற்காலத்தில் வரப்பைச் சுற்றி நடந்து பாகம் பிரிக்காது. ஓர் எச்சரிக்கை மட்டும்: துறைமுகத்துப் பக்கம் எளிதாகக் கிடைக்கிறதே என்று நைலான் கயிற்றை எடுத்துவிடாதீர்கள். அது இழுத்த இழுப்புக்கு நீளும், கணக்கு ஓடிவிடும்.

சதுர மீட்டர் செய்வதற்குப் பழைய நாளிதழ்த் தாள்களும் பசையும் போதும். தாள்களை ஒட்டி, மீட்டர் அளவுகோலால் நான்கு பக்கமும் அளந்து வெட்ட வேண்டும். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது: நான்கு பக்கமும் ஒரு மீட்டராக இருந்தும் தாள் கோணலாகி நிற்கும், ஏனென்றால் மூலை செங்கோணமாக இருக்காது. அதைத் திருத்துவதற்கு ஒரு கொத்தனாரை வகுப்புக்குக் கூப்பிடுங்கள். மூலைமட்டம் இல்லாத கொத்தனாரும் மூன்றடி, நான்கடி, ஐந்தடி என்று நூலைப் பிடித்து மூலையைச் சரிபார்த்துக் காட்டிவிடுவார். கோணம் என்ற பாடமும் இதே வகுப்பில் வருகிறது அல்லவா, ஒரே நாளில் இரண்டு வேலை ஆகும். தாள் தயாரானதும் அதில் எத்தனை பிள்ளைகள் சம்மணம் போட்டு உட்கார முடிகிறது என்று பார்க்கட்டும். அதே தாளில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டால் நூறு கட்டங்கள் விழும். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் நூறு சதுர சென்டிமீட்டர். ஒரு மீட்டருக்கு நூறு சென்டிமீட்டர், ஆகவே ஒரு சதுர மீட்டருக்கு நூறு சதுர சென்டிமீட்டர் என்று தப்பாக எழுதும் கை, இந்தத் தாளைப் பார்த்த பிறகு பத்தாயிரம் என்றுதான் எழுதும்.

சுற்றளவும் பரப்பளவும் ஒரே அறையில் எப்படிச் சேர்ந்து குடியிருக்கின்றன என்பதைக் காட்ட, முன்னே சொன்ன டைல்ஸ்காரரைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை. பன்னிரண்டுக்குப் பத்து அறை என்றால் 120 சதுர அடி. இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ் ஒன்று நான்கு சதுர அடியை மூடும். ஆகவே முப்பது டைல்ஸ் வேண்டும், உடைசலுக்கு இரண்டு சேர்த்துக்கொள்வார். அதே அறையில் சுவரோரம் ஒட்டும் ஸ்கர்ட்டிங்கை அவர் சதுர அடியில் சொல்லவே மாட்டார், ரன்னிங் அடி என்பார்: 44 ரன்னிங் அடி, அதில் வாசலுக்கு மூன்றடி கழிவு. படுக்கும் இடத்துக்கு ஒரு அளவு, ஓடும் ஓரத்துக்கு ஒரு அளவு. இரண்டுக்கும் கூலி வேறு என்பதால் அவருக்கு இதில் குழப்பமே வராது. வகுப்பறையில் இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் என்பதால்தான் குழப்பம் வருகிறதோ என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு.

கோலத்தையும் சொல்லிவிடுகிறேன். மார்கழியில் வாசலில் ஐந்து புள்ளி, ஐந்து வரிசை வைத்துப் போடும் பிள்ளைக்கு 25 புள்ளி. பொங்கலுக்குப் பெரிதாகப் போடலாமென்று பத்து புள்ளி, பத்து வரிசை வைத்தால், இரண்டு மடங்கு கோலம்தானே என்று இரண்டு கொட்டாங்கச்சி மாவை எடுத்துக்கொண்டு உட்காருவாள், பாதியில் மாவு தீர்ந்துவிடும். புள்ளி நூறு ஆகிவிட்டது; வேண்டியது நான்கு மடங்கு. பக்கம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகும் என்ற உண்மை நம் வீட்டு வாசலிலேயே ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது.

இதே உண்மை நம் ஊரின் வரலாற்றையும் ஒருமுறை தீர்மானித்திருக்கிறது. 1690இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சியை ஆண்ட மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. அதுதான் பிறகு புனித டேவிட் கோட்டை. கோட்டையோடு சேர்த்து எவ்வளவு நிலம் என்பதற்கு அவர்கள் வைத்துக்கொண்ட அளவு சங்கிலியும் அல்ல, கோலும் அல்ல, பீரங்கி. கோட்டையிலிருந்து சுட்டால் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள ஊர்களெல்லாம் கம்பெனிக்கு என்பது பேச்சு. குண்டு உப்பலவாடி என்றும் குண்டு சாலை என்றும் நாம் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கும் பெயர்கள் அந்தப் பேரத்தின் மிச்சம். பிள்ளைகளிடம் ஒன்று கேளுங்கள்: ஒரு பீரங்கி இன்னொன்றைவிட இரண்டு மடங்கு தூரம் சுட்டால், கம்பெனிக்கு எத்தனை மடங்கு நிலம் கிடைக்கும்? வட்டத்தின் பரப்பளவு ஐந்தாம் வகுப்புப் பாடமில்லைதான். ஆனால் கோலப்புள்ளியைப் புரிந்துகொண்ட பிள்ளை, வட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாமலேயே நான்கு மடங்கு என்று சொல்லிவிடும். தினமும் குண்டு சாலை வழியாக ஆட்டோவில் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு இந்தக் கேள்வி பாடப்புத்தகத்துத் தோட்டத்தைவிடச் சுவையாக இருக்கும் என்பது என் கணிப்பு. அந்தக் கோட்டையை 1758இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து இடித்துவிட்டார்கள். பெயர்தான் கோட்டையைவிட உறுதியாக நின்றிருக்கிறது.

அலகுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாடப்புத்தகத்தில் சதுர மீட்டரும் சதுர சென்டிமீட்டரும் வருகின்றன. வீட்டிலோ சென்ட், ஏக்கர், காணி, மனைக்குச் சதுர அடி. பட்டாவில் ஹெக்டேரும் ஏரும். பிள்ளை இந்த மூன்று உலகங்களுக்கும் நடுவில் நிற்கிறது. நம் பக்கத்தில் ஒரு காணி என்பது 1 ஏக்கர் 32 சென்ட் என்று தாத்தாமார்களுக்குத் தெரியும். குழி என்ற அளவோ கோலின் நீளத்தைப் பொறுத்து ஊருக்கு ஊர் மாறியது. அப்படி மாறாமலிருக்கத்தான் சோழர் காலத்தில் அளவுகோலின் நீளத்தைக் கோயில் சுவரிலேயே கோடாகப் பொறித்து வைத்தார்கள். சந்தேகம் வந்தால் கோலைக் கொண்டுபோய்ச் சுவரோடு வைத்துப் பார்க்கலாம். பொது அலகு எதற்கு என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியவில்லை.

சென்ட் என்பது ஏன் 435.6 சதுர அடி என்ற வம்பான எண்ணாக இருக்கிறது என்று யாராவது பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறார்களா? அந்தத் தசமப் புள்ளிக்குப் பின்னால் ஓர் இரும்புச் சங்கிலி இருக்கிறது. நாங்கள் இழுத்த பழைய சங்கிலியின் நீளம் 66 அடி, அதில் நூறு கண்ணிகள். ஒரு சங்கிலி அகலம், பத்துச் சங்கிலி நீளம் உள்ள நிலம் ஒரு ஏக்கர்: 66 பெருக்கல் 660, அதாவது 43,560 சதுர அடி. அதில் நூறில் ஒரு பங்கு சென்ட். ஒரு சங்கிலி நீளமும் பத்துக் கண்ணி அகலமும் கொண்ட ஒரு பட்டை. அந்தச் சங்கிலியைச் செய்தவர்கள் பத்துபத்தாகப் பெருக்கினால் ஏக்கர் வந்துவிட வேண்டுமென்று திட்டமிட்டே 66 அடியைத் தேர்ந்தெடுத்தார்கள். தசம எண்களும் இந்த வயதுக்குரிய பாடம்தான். தசமம் எதற்குப் பயன்படும் என்று பிள்ளை கேட்டால், அப்பாவின் பத்திரத்தை எடுத்துக் காட்டச் சொல்லலாம்.

ஏர் என்பது இதைவிட எளிது, ஏனோ யாரும் சொல்லித் தருவதில்லை. பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். நூறு சதுர மீட்டர். நம் சென்ட்டில் ஏறத்தாழ இரண்டரை. பெரும்பாலான பள்ளி மைதானங்களில் கோலமாவால் ஓர் ஏரைக் கோடிட்டுவிடலாம். அதைக் கோடிட்ட பிறகு, அப்படி நூறு கட்டங்கள் சேர்ந்தால் ஒரு ஹெக்டேர் என்று சொல்லுங்கள். நெய்வேலிப் பக்கமோ, புறவழிச்சாலைக்காகவோ நிலம் எடுப்பு அறிவிப்பு வரும்போது, அதில் 0.36.50 என்று ஹெக்டேரும் ஏருமாகப் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து, தன் வீட்டுக் கொல்லை எவ்வளவு போகிறது என்று படித்த பிள்ளை பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத் தெரியாத பட்டதாரிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் துறையின் புலப்படத்தை, அதாவது ஒவ்வொரு நிலத்தின் எல்லையையும் அளவோடு வரைந்த படத்தை, ஒருநாள் வகுப்புக்குள் கொண்டுவாருங்கள் என்பதும் என் வேண்டுகோள். பள்ளி இருக்கும் புல எண் (சர்வே எண்) தெரிந்தால், வருவாய்த் துறையின் இணையச் சேவையிலேயே அதைப் பார்த்துக்கொள்ளலாம். ஆயிரத்தில் ஒரு பங்காக வரைந்த படமென்றால், படத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் பத்து மீட்டர்; ஆகவே படத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர்க் கட்டம் தரையில் மிகச் சரியாக ஓர் ஏர். இரண்டாயிரத்தில் ஒரு பங்குப் படமென்றால் அதே கட்டம் எத்தனை ஏர் என்று கேளுங்கள். இரண்டு என்று பாதி வகுப்பு கத்தும். நான்கு. கோலமும் பீரங்கியும் மறுபடி வந்து நிற்கும். கோணல்மாணலான வயலுக்குப் பரப்பளவு எப்படி என்றால், அந்தக் காலத்தில் கட்டமிட்ட ஒளிபுகும் தாளைப் படத்தின் மேல் வைத்து, முழுக்கட்டங்களை எண்ணி, வெட்டுப்பட்ட கட்டங்களைச் சேர்த்துக்கொள்வோம். பிள்ளைகள் பூவரச இலையைக் கட்டத்தாளில் வைத்து வரைந்து எண்ணுவதும் இதே வேலைதான். அதைச் செய்யும்போது அவர்கள் நில அளவர்களாக இருக்கிறார்கள் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள், மகிழ்ச்சி அடைவார்கள்.

அளப்பவர்களுக்கு நம் ஊரோடு ஓர் உறவும் உண்டு. 1802 ஏப்ரல் 10ஆம் நாள் வில்லியம் லாம்டன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி சென்னைப் பரங்கிமலை அருகே, மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான அடிக்கோட்டை அளக்கத் தொடங்கி, ஏறத்தாழ ஏழரை மைல் தூரத்தை அளக்க 57 நாள் எடுத்துக்கொண்டார். இந்தியா முழுவதையும் அளந்த பெரும் முக்கோண அளவீட்டின் தொடக்கம் அது. அந்த ஆரம்பக் கால அளவீடு தெற்கே வந்து நின்ற நிலையங்களுள் ஒன்று நம் திருவந்திபுரத்தை ஒட்டியது. ஏழரை மைலுக்கு 57 நாள் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் என்று வகுக்கச் சொல்லலாம். அளப்பது அவசர வேலை இல்லை என்பது அவர்களுக்கும் புரியும், வட்ட அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் புரியட்டும்.

உங்களுடைய மறுப்புகள் எனக்குக் கேட்கின்றன. பாடம் முடியாது என்பீர்கள். 2022இல் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் அடுத்த ஆண்டே நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கும் வந்துவிட்டது. செயல்பாட்டின் வழியே கற்பது என்பது அதன் அடிப்படை. ஆகவே நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. பயிற்சிப் புத்தகத்தில் படமாக இருக்கும் செயல்பாட்டைத் தரையில் இறக்கச் சொல்கிறேன், அவ்வளவுதான். இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்பைப் பார்க்கும் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பை மட்டும் மைதானத்துக்கு அழைத்துப் போனால் மற்ற வகுப்பை யார் பார்ப்பது என்பது நியாயமான கேள்வி. அங்கேதான் பள்ளி மேலாண்மைக் குழுவை நோக்கித் திரும்புகிறேன்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்களாக இருக்க வேண்டும் என்கிறது. பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கூட்டத்தில் சுற்றுச்சுவர், கழிப்பறை, குடிநீர் பற்றிப் பேசிக் கையெழுத்துப் போடுகிறோம்; தேவையான வேலைதான். ஆனால் நம் குழுக்களில் இருப்பவர்கள் யார்? கொத்தனார், டைல்ஸ் ஒட்டுபவர், தையற்காரர், வலை பின்னுகிறவர், மூன்றேகால் காணி பயிர் வைத்திருக்கிறவர், நூறு நாள் வேலையில் குழி வெட்டி அளந்து கூலி வாங்குகிற அம்மா. அளவு என்ற பாடத்துக்கு இவர்களைவிடத் தகுதியானவர்களை மாவட்டப் பயிற்சி நிறுவனத்தாலும் அனுப்ப முடியாது. நூறு நாள் வேலையில் ஒரு குழியின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அளந்து கூலி போடுவார்கள். அந்த அம்மா வகுப்புக்கு வந்து தன் கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று சொன்னால், கன அளவுக்கும் சேர்த்துப் பாடம் நடந்துவிடும். அடுத்த கூட்டத்தில் இரண்டு தீர்மானங்கள் போதும்: பள்ளிக்கு முப்பது மீட்டர் டேப் ஒன்று வாங்குவது; மைதானத்தில் அளக்கும் அந்த இரண்டு நாளும் இரண்டு பெற்றோர்கள் வந்து உடன் நிற்பது.

தேர்வில் இது வராது என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார். வரும். வேலி, தரை என்ற சொற்களை மாற்றி, கரை கட்டிய புடவை என்றோ சட்டமிட்ட படம் என்றோ கேள்வி வந்தால், வேலிக்குக் கூட்டு, தரைக்குப் பெருக்கு என்று மனப்பாடம் செய்த பிள்ளை திகைத்து நிற்கும். தாளின் மேல் உட்கார்ந்து எழுந்த பிள்ளை நிற்காது. என் பேத்தியிடம் புடவைக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். "புடவைக்கு மிஸ் இன்னும் சொல்லித் தரலை தாத்தா" என்றாள்.

டேப் வாங்கும் வரை காத்திருக்க வேண்டாம். என்னிடம் பழைய முப்பது மீட்டர் டேப் ஒன்று இருக்கிறது. முதுநகர், மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் பக்கத்துப் பள்ளிகள் எதுவானாலும் கேட்டால் கொண்டுவந்து தருகிறேன், வேண்டுமானால் வரப்போரம் நின்ற பழக்கத்தில் வெயிலில் நானும் கூட நிற்கிறேன். ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும்: அந்த டேப்பின் முதல் அரை மீட்டர் தேய்ந்து எழுத்து அழிந்துவிட்டது. ஆகவே பூஜ்யத்திலிருந்து அளக்காமல் ஒரு மீட்டர்க் கோட்டை மூலையில் வைத்து அளந்து, வரும் எண்ணில் ஒன்றைக் கழிக்க வேண்டும். ஏன் கழிக்கிறோம் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவர் ஒருவர்,
கடலூர் முதுநகர்.